படிப்பு ஏறாது என்றொரு கதை

"காலனிப் புள்ளைங்களுக்குப் படிப்பு ஏறாது சார். வீட்லயே அக்கறை கிடையாது, நாம என்ன பண்றது?"

இந்த வாக்கியத்தைத் தமிழ்நாட்டின் எந்த ஊர் டீக்கடையிலும் கேட்கலாம். பஸ்ஸில் பின்சீட்டில் கேட்கலாம், பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமிலும் கேட்கலாம். சொல்பவர் பெரும்பாலும் கோபமாகச் சொல்வதில்லை. வருத்தப்படுகிற தொனியில்தான் சொல்வார். அதனாலேயே யாரும் மறுத்துப் பேசுவதில்லை. வெயில் ஜாஸ்தி என்பதுபோல அது ஒரு தகவலாகிக் கடந்துபோகிறது.

நான் இதை ஒரு கதையாக எடுத்து வாசிக்க விரும்புகிறேன். கதைக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது. அக்கறையில்லாத அப்பா அம்மா என்ற பாத்திரங்கள், மண்டையில் ஏறாத பிள்ளை, கையைப் பிசையும் நல்லவர், மாறவே மாறாத முடிவு. கதைசொல்லி யார் என்பது மட்டும் மறைந்திருக்கிறது. ஊரின் இலக்கியம் இந்தக் கதைக்குப் பதிலாக என்ன கதைகளைச் சொல்லியிருக்கிறது, அந்தப் பதில்களும் எங்கே தடுமாறுகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

விருத்தாசலத்தைச் சுற்றி நின்று இதைப் பேசக் காரணம் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு ரயில்வே ஜங்ஷன், பழமலைநாதர் கோயில், பீங்கான் தொழிற்பேட்டை. அகல்விளக்கும் பொம்மையும் பியூஸ் கட்டையும் சூளையிலிருந்து இறங்குகிற ஊர். இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கு அது இமையத்தின் ஊர், கண்மணி குணசேகரனின் ஊர். ஒருவர் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டும் இன்னொருவர் போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டும் நடுநாட்டுப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்தவர்கள். இதே ஊரைச் சுற்றித்தான், படித்த ஒரு தலித் இளைஞருக்கு என்ன நடந்தது என்ற வழக்கும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு கடல் தாண்டி அதே வாக்கியம்

இந்தக் கதை நம்முடைய தனிச்சொத்து இல்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்களைப் பற்றி இதே வாக்கியம் ஆங்கிலத்தில் ஓடுகிறது. அவர்கள் கல்வியை மதிப்பதில்லை, அவர்களுடைய கலாச்சாரமே அப்படி என்பார்கள். 1986-இல் சிக்னித்தியா ஃபோர்டம், ஜான் ஓக்பு என்ற இரண்டு மானிடவியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். நன்றாகப் படிக்கிற கறுப்பின மாணவரை அவருடைய நண்பர்களே 'வெள்ளைக்காரன் மாதிரி நடிக்கிறான்' என்று கிண்டல் செய்கிறார்கள், அந்தப் பயத்தில் பலர் படிப்பைக் கைவிடுகிறார்கள் என்பது அதன் சாரம். இருவருமே கறுப்பர்கள். அவர்கள் இதன் வேரை நீண்டகாலப் பாகுபாட்டில்தான் தேடினார்கள். ஆனால் கட்டுரை வெளியே போனபோது வேர் உதிர்ந்துவிட்டது. 'பாத்தீங்களா, அவங்களே சொல்லிட்டாங்க' என்பது மட்டும் மிஞ்சியது.

2005-இல் கேரலின் டைசனும் அவருடன் சேர்ந்தவர்களும் வட கரோலினாப் பள்ளிகளை ஆராய்ந்து வேறொன்றைச் சொன்னார்கள். நன்றாகப் படிக்கிறவனைக் கிண்டலடிப்பது எல்லா நிறத்துப் பிள்ளைகளிடமும் உண்டு. 'வெள்ளைக்காரன் மாதிரி' என்ற வசவு பொதுவாக எல்லாப் பள்ளியிலும் கேட்பதில்லை. உயர்நிலைப் பாட வகுப்புகளில் வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே நிறைந்திருக்கிற பள்ளிகளில்தான் அது முளைக்கிறது. அதாவது பிரித்து உட்காரவைத்தது பள்ளிக்கூடம். பிள்ளைகள் கண்ணால் பார்த்ததற்குப் பெயர் வைத்தார்கள்.

கொஞ்சம் பின்னால் போனால் அந்தக் கதை இன்னும் கேலிக்கூத்தாகிறது. அடிமைகளுக்கு எழுதச் சொல்லித்தருவதைத் தென் கரோலினா 1740-லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. 1831-இல் நாட் டர்னர் கிளர்ச்சிக்குப் பிறகு தென் மாநிலங்களில் இந்தத் தடை இறுகியது. ஆர்வமே இல்லாத ஒரு விஷயத்துக்கு எதற்குச் சட்டம் போட்டுத் தடை? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜூலியஸ் ரோசன்வால்டு என்ற பணக்காரரின் நிதியோடு தெற்கில் ஏறக்குறைய 5000 பள்ளிக்கூடங்கள் எழுந்தன. அவற்றுக்கு ரோசன்வால்டு நிதி தந்த தொகையைவிட அந்தந்த ஊர்க் கறுப்பின மக்கள் தங்கள் கையிலிருந்து போட்டது கூடுதல். வரியும் கட்டினார்கள், அந்த வரி தங்கள் பிள்ளைகளுக்கு வராததால் மறுபடி சொந்தக் காசும் போட்டார்கள், மரமும் உழைப்பும் தந்தார்கள். இவர்களைத்தான் 'கல்வியின் அருமை தெரியாதவர்கள்' என்கிறது கதை.

நந்தன் பெயரில் ஒரு பள்ளிக்கூடம்

நம் பக்கம் வருவோம். கறுப்பின வரலாற்றையும் சாதியையும் சேர்த்துப் பார்ப்பது புது ஃபேஷன் இல்லை. ஜோதிராவ் புலே 1873-இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்தார். உள்நாட்டுப் போரில் வடக்கின் பக்கம் நின்ற கர்னல் ஆல்காட், பின்னாளில் சென்னைக்கு வந்து 1894-இல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அந்த முயற்சியோடு அயோத்திதாசரின் பெயர் சேர்ந்திருக்கிறது. அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் பத்திரிகை நடத்திய ஆட்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். சீனிவாசன் 'பறையன்' இதழை ஆரம்பித்தது 1893-இல். காசு கொடுத்து வாங்கிப் படிக்க ஆள் இல்லாமலா பத்திரிகை நடந்தது?

விருத்தாசலத்துக்கு இன்னும் பக்கத்தில் சாட்சி இருக்கிறது. பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் சிதம்பரம். அங்கே சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். தென்னார்க்காட்டுச் சேரிகளிலிருந்து பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். பெயரைக் கவனியுங்கள். நந்தன் கதையில் நந்தன் கேட்டது ஒன்றுதான், தில்லைக்குள் போக வேண்டும். அதற்கு ஊர் வைத்த நிபந்தனை நெருப்பு. அதே சிதம்பரத்தில், நெருப்பில் இறங்காமலே உள்ளே போகக்கூடிய ஒரு கட்டடத்துக்குச் சகஜானந்தர் நந்தன் பெயரை வைத்தார். பெரியபுராணத்துக்கும் கோபாலகிருஷ்ண பாரதியாருக்கும் தமிழில் எழுதப்பட்ட மிகக் கூர்மையான மறுவாசிப்பு அந்தப் பெயர்ப்பலகைதான் என்பேன்.

அந்தக் காலத்தில் பொதுப் பள்ளிக்கூடம் எங்கே இருந்தது? ஊருக்குள். சில இடங்களில் அக்கிரகாரத்தில், சில இடங்களில் கோயில் மண்டபத்தில். அந்தத் தெருவில் நடக்கவே விடாதபோது அந்தத் திண்ணையில் எப்படி உட்கார முடியும்? சேர்க்க வேண்டும் என்று அரசு உத்தரவு போட்ட பிறகும் பல ஊர்களில் மற்ற பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அதனால்தான் 1920-களில் லேபர் டிபார்ட்மென்ட் தனிப் பள்ளிகள் நடத்த வேண்டி வந்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அந்த வழியில் வந்தவை. ஆகவே தெரு தனி, பள்ளி தனி, கடைசியில் 'அந்தப் பள்ளியில ரிசல்ட் வராதுப்பா' என்ற பேச்சும் தனி.

1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டத்தில் தொடக்கப்பள்ளி நேரம் மூன்று மணியாகச் சுருங்கியது. மிச்ச நேரத்தில் பிள்ளை அப்பனின் தொழிலைக் கற்க வேண்டும். மக்கள் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். எதிர்ப்பில் ராஜாஜி பதவி விலகினார், 1954-இல் காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். நம்முடைய கதையின் அரசாங்கப் பதிப்பு என்று அந்தத் திட்டத்தைச் சொல்லலாம். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு படிப்பு போதும் என்பதை அப்பனின் கையில் இருக்கும் கருவி முடிவு செய்யும். அதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் யார், 'அக்கறை இல்லாத' அதே பெற்றோர்களும்தானே?

நாவல்கள் என்ன பார்த்தன

இலக்கியத்தின் பலம், 'அக்கறை' என்ற சொல்லை ஒரு நாளின் வேலைகளாக உடைத்துக் காட்டுவது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யில் கூளையன் பள்ளிக்கூடம் போவதில்லை. அவன் கவுண்டர் வீட்டுப் பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்டவன். கவுண்டரின் மகன் செல்வனுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. அவன் பள்ளிக்கூடம் போகிறான், திரும்பி வந்து கூளையனோடு விளையாடுகிறான். நாவல் பிரசங்கம் செய்வதில்லை. இரண்டு பையன்களையும் ஒரே மேய்ச்சல் காட்டில் நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கிறது. ஒருவன் ஸ்லேட்டோடு போக இன்னொருவன் ஆட்டோடு போகிற ஏற்பாட்டில் யாருடைய அக்கறை வேலை செய்கிறது என்று வாசகர்தான் கணக்குப் போட வேண்டும்.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) இன்னும் அடியில் போகிறது. காலனிக்கே துணி வெளுக்கிற புதிரை வண்ணார் குடும்பம், ஆரோக்கியம் என்ற பெண். வீடுவீடாகச் சோறு எடுப்பது, துணி எடுப்பது, களத்தில் தானியத்துக்கு நிற்பது, சாவுக்கும் பிரசவத்துக்கும் ஓடுவது. அந்த உடம்பின் ஒரு நாளைப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு 'பிள்ளைகள் படிப்பில் இவளுக்கு அக்கறை உண்டா' என்று கேட்க வாய் வராது. அந்தக் கேள்வியே ஓய்வுநேரம் உள்ளவர்களின் கேள்வி. நாவல் வந்தபோது தலித்துகளுக்குள் உள்ள படிநிலையைக் காட்டியதற்காகப் பெரிய சண்டை நடந்தது. சண்டையில் நியாயம் யார் பக்கம் என்பது தனிக் கட்டுரை. ஆனால் 'தலித்துகள் இப்படித்தான்' என்று ஒட்டுமொத்தமாகப் பேசும் வாயை அந்த நாவல் அடைத்தது. ஒட்டுமொத்தம் என்று ஒன்று இல்லை என்று காட்டியது.

பாமாவின் 'கருக்கு' (1992) நேராக விஷயத்துக்கே வருகிறது. தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தை நூலில் தூக்கிப்பிடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பதைப் பார்த்துச் சிறுமி சிரிக்கிறாள். அது வேடிக்கை இல்லை, தொட்டால் தீட்டு என்பதால் என்று அண்ணன் விளக்குகிறான். படித்து முன்னேறினால் மரியாதை வரும் என்கிறான். அவள் வெறியோடு படிக்கிறாள், முதலிடமும் வாங்குகிறாள். இதுவரை இது வெற்றிக் கதை. ஆனால் அதே புத்தகத்தில், பள்ளிக்கூடத்து மரத்திலிருந்து தேங்காய் விழுந்ததற்கு அவள்மேல் திருட்டுப் பட்டம் விழுகிறது. சேரிப் பிள்ளை, அவ்வளவுதான் ஆதாரம். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்பது அந்த நிமிஷத்தில் உதவவில்லை. பின்னால் கன்னியர் மடத்திலும் உதவவில்லை. கருக்கு ஒரே நேரத்தில் இரண்டு சொல்கிறது. படிப்பின்மேல் எங்களுக்கு இருந்த நம்பிக்கை உங்களைவிடப் பெரியது. அந்த நம்பிக்கையைப் படிப்பு முழுதாகக் காப்பாற்றவில்லை.

கதையின் இன்னொரு முகம்

இப்போது அந்த வழக்கு. 2003 ஜூலை. விருத்தாசலம் பக்கத்துக் கிராமம். முருகேசன், கெமிக்கல் இன்ஜினியரிங் படித்த தலித் இளைஞர். கண்ணகி, வணிகவியல் பட்டதாரி, வன்னியர். இருவரும் ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்திருந்தார்கள். பிடித்து வந்து, ஊர்க்காரர்கள் பார்க்க, மூக்கிலும் காதிலும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். வழக்கு 18 வருஷம் நடந்தது. 2021 செப்டம்பரில் கடலூர் சிறப்பு நீதிமன்றம் இரண்டு போலீஸ்காரர்கள் உட்பட 13 பேருக்குத் தண்டனை விதித்தது. கண்ணகியின் அண்ணனுக்கு விதித்த தூக்கை 2022-இல் உயர்நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதி செய்தது.

அந்த ஊர்களிலும் 'படிப்பு ஏறாது' என்ற பேச்சு இருந்திருக்கும். ஆனால் அவருக்கு ஏறியது. இன்ஜினியர் ஆனார். கதையின்படி இதோடு பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, ஏனென்றால் அந்தக் கதைக்கு இரண்டாவது பக்கம் ஒன்று உண்டு. படிக்காவிட்டால் 'அதுங்களுக்கு அக்கறை இல்ல'. படித்துவிட்டால் 'படிச்ச திமிரு'. ஸ்காலர்ஷிப் வாங்கினால் 'சலுகையில படிச்சவன்'. நம் வீட்டுப் பெண் அவனை விரும்பிவிட்டால் அதற்கு மேல் பேச்சே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றம் நிற்கிறது. இப்படி எதிரெதிர் சாட்சிகளையும் விழுங்கிக்கொண்டு நிற்கிற ஒரு வாக்கியத்துக்குக் கல்வியோடு சம்பந்தமே கிடையாது. ஆளை அவன் இடத்தில் வைப்பதுதான் அதன் வேலை.

இமையத்தின் 'பெத்தவன்' நெடுங்கதை இந்த இடத்தைத் தொட்ட படைப்பு. பெண் விரும்புவது போலீஸ் வேலைக்குப் போன தலித் பையனை. ஊர்ப் பஞ்சாயத்து அப்பனிடம் மகளைக் கொல்லச் சொல்கிறது. அந்த ஒரு ராத்திரியில் அப்பன் எடுக்கிற முடிவுதான் கதை. காக்கிச் சட்டை, அரசாங்கச் சம்பளம், எதுவும் அந்தப் பஞ்சாயத்தில் எடைக்கு வருவதில்லை என்பதை இமையம் விளக்கமே இல்லாமல், ஊர்க்காரர்களின் பேச்சை வைத்தே காட்டிவிடுகிறார். அந்தப் பேச்சின் சரளம்தான் பயமுறுத்துகிறது. ஒரு குறையும் சொல்ல வேண்டும். அந்தப் பையன் கதைக்கு வெளியிலேயே நிற்கிறான். அவன் எப்படிப் படித்தான், அந்த வேலைக்கு அவன் வீடு என்ன விலை கொடுத்தது என்பது கதையில் நமக்குள் இறங்குவதில்லை. பெத்தவனின் தர்மசங்கடம் முழு வெளிச்சத்தில் இருக்கிறது. மகனைப் படிக்கவைத்த இன்னொரு பெத்தவன் இருட்டில் இருக்கிறார். கதையின் வடிவம் அப்படி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தமிழில் அந்த இரண்டாவது அப்பனைப் பற்றிய பெத்தவன் இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது.

நல்ல எண்ணத்தின் சிக்கல்

இழிவுக் கதைக்கு மாற்றாக இப்போது ஒரு நல்ல கதை புழக்கத்தில் இருக்கிறது: படி, சாதி தானாகப் போய்விடும். 'அசுரன்' படத்தின் (2019) முடிவு இதற்கு மிகப் பிரபலமான வடிவம். நிலம், காசு, எதை வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்வார்கள், படிப்பை மட்டும் பிடுங்க முடியாது என்று அப்பன் மகனிடம் சொல்கிறான். தியேட்டரில் கைதட்டல் விழுந்தது, ஸ்டேட்டஸில் ஓடியது. படத்துக்கு மூலமான பூமணியின் 'வெக்கை' (1982) நாவலில் இந்த உபதேசம் கிடையாது. கொலை செய்துவிட்டு அப்பனோடு காட்டில் அலைகிற பையனின் பயம், பசி, பாசம்தான் அங்கே இருக்கிறது. பூமணி எந்த மருந்தையும் எழுதித் தரவில்லை.

அந்த வசனத்தில் என்ன தப்பு என்று கேட்கலாம். உணர்ச்சியில் தப்பில்லை. சகஜானந்தரும் பாமாவின் அண்ணனும் சொன்னதுதான் அது. ஆனால் படிப்பைப் பிடுங்க முடியாது என்பது வரலாற்றுப்படி உண்மையில்லை. சட்டத்தால் பிடுங்கினார்கள், தெருவால் பிடுங்கினார்கள், பாதி நாளாகக் குறைத்துப் பிடுங்கினார்கள். 1176 மார்க் வாங்கிய குழுமூர் அனிதாவிடமிருந்து 2017-இல் ஒரு நுழைவுத் தேர்வால் பிடுங்கினார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தன்னைத் துன்புறுத்திய மாணவர்களைப் பற்றிப் பள்ளியில் சொன்ன ஒரு பையனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்தவர்கள். நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுக்க வேண்டி வந்தது பள்ளிக்கூடத்துக்குள் இருக்கிற சாதியைப் பற்றி. அங்கே படிப்பு சாதியைக் கரைக்கவில்லை, வகுப்பறை அதற்கு இடம் கொடுத்திருந்தது.

நல்ல கதையின் பெரிய பிரச்சினை, அது பாரத்தைத் திரும்பவும் பிள்ளையின் தோளிலேயே வைக்கிறது. நீ படித்தால் சரியாகிவிடும் என்றால், சரியாகாதபோது நீ சரியாகப் படிக்கவில்லை என்றாகிறது. இழிவுக் கதைக்கு அது பின்வாசல். 'பரியேறும் பெருமாள்' (2018) இந்த இடத்தில் அசுரனைவிட நேர்மையானது என்று எனக்குப் படுகிறது. அங்கே சட்டக்கல்லூரிக்குள் வந்த பிறகுதான் பையனுக்கு எல்லாமே ஆரம்பிக்கிறது. ஆங்கிலம் புரியாத வகுப்பு, அதைத் தொடர்ந்த அவமானம், கல்யாண வீட்டு அடி. படிப்பு அவனைப் பிரச்சினையிலிருந்து வெளியே எடுப்பதில்லை, பிரச்சினைக்குள் நின்று பேச ஒரு இடம் தருகிறது. அதுவும் போராடி வாங்கிய இடம்.

நாற்பத்தெட்டு மார்க்

சூளையில் வைத்த பொருள் விரிசல் விட்டால், விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளி மண் கலவையைப் பார்ப்பார், சூட்டைப் பார்ப்பார், அடுக்கிய விதத்தையும் பார்ப்பார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு மண்ணை மட்டும் திட்டுகிறவர் நாலு நாள் தொழில் செய்ய முடியாது. பள்ளிக்கூட விஷயத்தில் மட்டும் நாம் நூறு வருஷமாக மண்ணைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

இலக்கியத்திடம் எனக்கு ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது. இழிவுக் கதைக்குப் பதிலாக நாம் எப்போதும் சாதனையாளரை முன்னால் நிறுத்துகிறோம். அம்பேத்கரின் பட்டங்கள், ஸ்டேட் ரேங்க் வாங்கிய பெண், கலெக்டரான கூலித்தொழிலாளி மகன். செய்தித்தாளுக்கு அது சரி. ஆனால் நிரூபிக்க வேண்டிய கட்டாயத்தை இது அப்படியே ஏற்றுக்கொள்கிறது. மேல்சாதிப் பையன் ஒருவன் கணக்கில் ஃபெயிலானால் அவன் மட்டும்தான் ஃபெயில். அவன் அப்பா ட்யூஷன் மாற்றுவார், ஊர் சிரித்துவிட்டு மறந்துவிடும். அவனுடைய சாதிக்குக் கல்வியின் அருமை தெரியாது என்று யாரும் கட்டுரை எழுத மாட்டார்கள். காலனிப் பையன் ஃபெயிலானால் அவனோடு சேர்ந்து தெருவே ஃபெயில்.

ஆகவே எனக்கு நாற்பத்தெட்டு மார்க் வாங்குகிற ஒரு தலித் பையனின் நாவல் வேண்டும். அவன் மேதை இல்லை, பலியாடும் இல்லை. சில பாடம் பிடிக்கும், சில பாடம் பிடிக்காது. கிரிக்கெட் பைத்தியம். அம்மா கட்டட வேலைக்குப் போய்வந்து ரேங்க் கார்டில் கைநாட்டு வைத்துவிட்டு 'இன்னும் கொஞ்சம் எடுக்கலாம்ல' என்று மட்டும் சொல்கிறாள். டிப்ளமோ சேர்கிறான், ஒரு அரியர் வைக்கிறான், முடிக்கிறான், வேலைக்குப் போகிறான். யாருக்கும் எதையும் நிரூபிக்காமல் சுமாராகப் படிக்கிற உரிமை அவனுக்கும் உண்டு. அந்த உரிமையை எழுதிக் காட்டுகிற நாள் வரைக்கும், கைதட்டலுக்கு நடுவிலும் அந்த டீக்கடை வாக்கியம் உயிரோடுதான் இருக்கும்.